அலமாரியில் கிடந்த எட்டு இசைத்தட்டுகள்

ஜாஸ் கேட்கத் தொடங்குவோருக்குப் பட்டியல் போட்டுத் தரும் நண்பர்களுக்கு,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டு வருகிறவருக்கு நீங்கள் பொறுமையாக வழிகாட்டுகிறீர்கள். டெனர் சாக்ஸபோன் என்றதும் கோல்மன் ஹாக்கின்ஸ், லெஸ்டர் யங், சன்னி ராலின்ஸ், ஜான் கோல்ட்ரேன் என்று நான்கு பெயர்களை எழுதுகிறீர்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. அதற்குக் கீழே, நேரமிருந்தால் கேட்கலாம் என்ற பகுதியில், ஹாங்க் மோப்லி வருகிறார். அவர் பெயருக்குப் பக்கத்தில் 1960இல் வந்த 'சோல் ஸ்டேஷன்' என்ற ஒரே ஒரு இசைத்தட்டு. கூடவே, நல்ல வாசிப்பாளர்தான், ஆனால் முதல் வரிசையில் வைக்க முடியாது என்ற பொருளில் ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். அது நீங்கள் கேட்டு முடிவு செய்தது என்று எனக்குத் தோன்றவில்லை. 1960களில் அமெரிக்க விமர்சகர்கள் எழுதியது. புத்தகத்திலிருந்து புத்தகத்துக்கு நகர்ந்து உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அது எழுதப்பட்ட காலத்தில் மோப்லியின் ஒலிப்பதிவுகளில் ஒரு பெரும்பகுதி கடைக்கே வரவில்லை. பாதிச் சாட்சியை மட்டும் விசாரித்து எழுதிய தீர்ப்பு அது. மீதிச் சாட்சி வெளியே வந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. தீர்ப்பை மட்டும் யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

பெயர் தெரிந்தும் ஆளைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மோப்லி 1930 ஜூலை 7 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் ஈஸ்ட்மன் என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில். முதலில் பியானோ, பதினாறு வயது வாக்கில் நோயில் விழுந்து வீட்டோடு கிடந்த காலத்தில்தான் சாக்ஸபோன் கைக்கு வந்தது. 1951இல் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1954இல் சில காலம் டிஸ்ஸி கில்லஸ்பியிடம் வாசித்தார். அதே ஆண்டின் இறுதியில் பியானோ கலைஞர் ஹோரஸ் சில்வரும் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியும் சேர்ந்து தொடங்கிய 'ஜாஸ் மெசஞ்சர்ஸ்' குழுவின் டெனர் சாக்ஸபோன் இவருடையது. பிற்பாடு அந்த இடத்தில் பென்னி கோல்சனும் வெய்ன் ஷார்ட்டரும் வந்து புகழ் பெற்றார்கள். அந்த இடத்தில் முதலில் நின்றவர் மோப்லி. 1955 நவம்பரில் நியூயார்க்கின் கஃபே பொஹீமியாவில் அந்தக் குழு வாசித்ததன் நேரடி ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. குழு பிரிந்தபோது சில்வரோடு போனார். 1959இல் சிறிது காலம் பிளேக்கியிடம் திரும்பி வந்தார். 1961இல் மைல்ஸ் டேவிஸ் அழைத்தார். ரோச், கில்லஸ்பி, சில்வர், பிளேக்கி, டேவிஸ் என்று அந்தக் காலத்தின் மிகக் கறாரான ஐந்து குழுத்தலைவர்கள் ஒரே மனிதரைத் தேடிப் பிடித்தார்கள் என்றால், விமர்சகர்கள் கேட்காத எதையோ அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

மோப்லியின் தர வரிசை எப்படி உருவானது என்பது ஒரு தனிக் கதை. விமர்சகர் லெனர்ட் ஃபெதர் குத்துச்சண்டையிலிருந்து ஓர் ஒப்புமை எடுத்து, டெனர் சாக்ஸபோனின் நடுத்தர எடைப் பிரிவுச் சாம்பியன் என்று இவரைக் குறிப்பிட்டார். ராலின்ஸ், கோல்ட்ரேன் ஆகியோரின் கனத்த தொனிக்கும் ஸ்டான் கெட்ஸ் போன்றோரின் மெல்லிய தொனிக்கும் நடுவில் இவருடைய தொனி நிற்கிறது என்பதைப் பாராட்டாகச் சொன்னது அது. அடுத்தடுத்து எழுதியவர்கள் தொனியை விட்டுவிட்டு நடுத்தரம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு விமர்சகரின் உவமை ஒருவரை முப்பது ஆண்டுகள் கீழே பிடித்து வைத்துவிட முடியாது. எதிர்ச்சாட்சி இருந்திருந்தால் அது தானாக உதிர்ந்திருக்கும். எதிர்ச்சாட்சி எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி.

அது ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தின் அலமாரியில் இருந்தது. 1955 முதல் 1970 வரை மோப்லி அந்த நிறுவனத்துக்காகத் தன் தலைமையில் இருபதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளுக்கு வாசித்தார். அவற்றில் எட்டு, பதிவான காலத்தில் வெளிவரவில்லை. 1957இல் பதிவான 'பாப்பின்' 1980இலும், அதே ஆண்டின் 'கர்ட்டன் கால்' 1984இலும் ஜப்பானில் முதன்முதலாக வெளிவந்தன. பெரும்பாலும் 1961 டிசம்பரில் பதிவான 'அனதர் ஒர்க்அவுட்' 1985 வரை காத்திருந்தது. 1966 மார்ச்சில் பதிவான 'எ ஸ்லைஸ் ஆஃப் த டாப்' 1979இல் வந்தது. 1967 பிப்ரவரியில் பதிவான 'தேர்ட் சீசன்' 1980இல். அதே ஆண்டு மே மாதத்து 'ஃபார் அவே லேண்ட்ஸ்' 1984இல். 1970 ஜூலையில் பதிவான 'திங்கிங் ஆஃப் ஹோம்' 1980இல். 1966 ஜூன் பதிவை முதன்மையாகக் கொண்ட 'ஸ்ட்ரெய்ட் நோ ஃபில்டர்' 1980களின் நடுவில்தான் வெளிச்சம் கண்டது. மோப்லி 1986 மே 30 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நிமோனியாவால் இறந்தார். நுரையீரல் கெட்டு, 1970களின் நடுப்பகுதியிலேயே வாசிப்பை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தார். அதாவது, அந்த எட்டும் கடைக்கு வந்தபோது அவற்றை மேடையில் வாசித்துக் காட்டும் நிலையில் அவர் இல்லை. 1973இல் 'டவுன் பீட்' ஜாஸ் இதழுக்காக விமர்சகர் ஜான் லிட்வைலரிடம் பேசியபோது, தன்னுடைய பதிவுகள் அப்படியே கிடக்கின்றன என்று அவரே மனம் நொந்து சொன்னார்.

வெளிவந்ததும்கூட ஒழுங்காக வரவில்லை. 1963 மார்ச் 7 அன்று டொனால்ட் பேர்ட், ஹெர்பி ஹான்காக் ஆகியோருடன் ஒரு பதிவு செய்தார். அதிலிருந்து இரண்டு பாடல்களை எடுத்து, அக்டோபர் மாதம் லீ மார்கன், ஆண்ட்ரூ ஹில் ஆகியோருடன் செய்த பதிவோடு சேர்த்து 'நோ ரூம் ஃபார் ஸ்க்வேர்ஸ்' ஆக்கினார்கள். வேறு இரண்டை 1965 பிப்ரவரியில் பதிவானவற்றோடு சேர்த்து 'த டர்ன்அரவுண்ட்' என்று வெளியிட்டார்கள். ஒரு நாளில், ஒரு குழுவோடு, ஒரே மனநிலையில் வாசித்ததைத் துண்டு துண்டாக்கி, இரண்டு ஆண்டு இடைவெளியில் தொனியே மாறிப்போன வாசிப்போடு ஒட்டினால், கேட்கிறவருக்கு என்ன புரியும்? இவருக்கென்று ஒரு திசை இல்லை என்றுதான் தோன்றும். விமர்சகர்களும் அப்படியே எழுதினார்கள்.

இங்கே என் வாதத்தின் முக்கியமான பகுதி வருகிறது. வெளிவராமல் கிடந்தவை கழிவுகள் என்றால் எனக்குப் பேச எதுவுமில்லை. ஒரு கலைஞரின் சுமாரான பதிவுகளை நிறுவனம் ஒதுக்கி வைப்பது நியாயம்தான். ஆனால் 1960களின் பிற்பகுதியை எடுத்து, வந்ததையும் வராததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். லீ மார்கனின் 'த சைட்விண்டர்' நன்றாக விற்ற பிறகு, தட்டின் முதல் பாடல் ஆட்டம் போட வைக்கும் தாளத்தில் இருக்க வேண்டும் என்பது ப்ளூ நோட்டில் ஏறக்குறைய விதியாகிவிட்டது. அந்த விதிக்குப் பொருந்திய மோப்லியின் தட்டுகள் வெளிவந்தன. 1968 ஜனவரியில் பதிவான 'ரீச் அவுட்' அன்றைய வானொலிப் பாப் பாடல்கள் இரண்டை வைத்துக்கொண்டு உடனே கடைக்குப் போனது. 'எ ஸ்லைஸ் ஆஃப் த டாப்' பதிமூன்று ஆண்டுகள் உள்ளே கிடந்தது. அந்தத் தட்டில் எட்டுப் பேர் வாசிக்கிறார்கள்: லீ மார்கனின் ட்ரம்பெட், ஜேம்ஸ் ஸ்பால்டிங்கின் ஆல்டோ சாக்ஸபோனும் புல்லாங்குழலும், கியானி ஸவாடியின் யூஃபோனியம், ஹோவர்ட் ஜான்சனின் டியூபா, மெக்காய் டைனரின் பியானோ, பாப் கிரான்ஷாவின் பாஸ், பில்லி ஹிக்கின்ஸின் டிரம்ஸ், நடுவில் மோப்லி. டியூபாவும் யூஃபோனியமும் அடியில் கனமாக நகர, மேலே காற்றுக்கருவிகள் அடுக்கடுக்காக எழும்புகின்றன. புதிய வழி எதையும் தேடாதவர் என்று உங்கள் குறிப்பில் எழுதப்படும் மனிதர் 1966இல் செய்துகொண்டிருந்தது இது. 1970இன் 'திங்கிங் ஆஃப் ஹோம்' மூன்று பகுதிகள் கொண்ட ஒரு தொடர் இசைப்படைப்போடு ஆரம்பிக்கிறது. அதுவும் பத்தாண்டு கழித்தே வந்தது. எது சூத்திரத்துக்கு அடங்கியதோ அது வெளியே வந்தது. எது அடங்கவில்லையோ அது உள்ளே இருந்தது. பிறகு, இவர் சூத்திரத்துக்குள் வாசிப்பவர் என்று எழுதப்பட்டது.

இதற்கு உங்களில் பலர் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். ப்ளூ நோட் எல்லாருக்கும் இதையேதானே செய்தது? ஆம். நிறுவனத்தை நடத்திய ஆல்ஃப்ரட் லயனும் ஃபிரான்சிஸ் உல்ஃபும் சந்தை தாங்குவதைவிட அதிகமாகப் பதிவு செய்தார்கள். 1960களின் நடுவில் நிறுவனம் லிபர்ட்டி என்ற வேறோர் இசைத்தட்டு நிறுவனத்திடம் விற்கப்பட்டது. 1967இல் லயன் ஓய்வு பெற்றார். ஒலிநாடாக்கள் மறதிக்குள் போயின. கிரான்ட் கிரீன், லீ மார்கன், ஆண்ட்ரூ ஹில் என்று பலருடைய பதிவுகளும் அங்கே கிடந்தன. 1970களின் நடுவில் தயாரிப்பாளர் மைக்கேல் கஸ்குனா உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்ததால்தான் இன்று நாம் கேட்கிறோம். யாரும் மோப்லிக்கு எதிராகச் சதி செய்ததாக நான் சொல்லவில்லை. நான் சொல்வது விளைவைப் பற்றி. லீ மார்கனுக்கு விற்பனையில் வென்ற ஒரு தட்டு இருந்தது. பிளேக்கி, சில்வர் போன்றவர்களுக்கு ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் போகும் குழு இருந்தது. தட்டு வராவிட்டாலும் ஆட்கள் நேரில் கேட்டார்கள். மோப்லி தன் பெயரில் நிலையான குழு ஒன்றை நீண்ட காலம் நடத்தியவர் அல்ல. ஸ்டுடியோவுக்கு வெளியே அவர் பெரும்பாலும் மற்றவர்களின் குழுவில் வாசித்தார். ஆகவே அவர் யார், எந்தத் திசையில் போகிறார் என்பதற்கு இசைத்தட்டுகள் மட்டுமே சாட்சி. சாட்சியாக இருந்ததே அதுதான் என்னும்போது அதில் எட்டு இல்லாமல் போவது மற்றவர்களுக்கு ஏற்பட்ட இழப்பைப் போன்றது அல்ல.

போதைப் பழக்கத்தையும் சிறைவாசத்தையும் காட்டி, வாய்ப்புகளைக் கெடுத்துக்கொண்டவர் அவரேதான் என்று சொல்வோரும் உண்டு. அவர் தலைமுறையில் பலரைப் பிடித்த அந்தப் பழக்கம் இவரையும் பிடித்தது, இவருக்கும் அதனால் சிறை வாய்த்தது, உண்மைதான். ஆனால் நான் பட்டியலிட்ட எட்டும் அவர் செய்யத் தவறியவை அல்ல. அவர் நேரத்துக்கு வந்து, பாடல் எழுதி, குழுவை நடத்தி, வாசித்து முடித்துக் கொடுத்தவை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மைல்ஸ் டேவிஸிடம் வாசித்தபோது மோப்லி எடுபடவில்லை என்பது அது. டேவிஸ் தன் சுயசரிதையில், மோப்லியோடு வாசிப்பது தனக்கு உற்சாகம் தரவில்லை, தன் கற்பனையைத் தூண்டவில்லை என்ற பொருளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அதற்குச் சாட்சியாக எல்லாரும் காட்டுவது 'சம்டே மை பிரின்ஸ் வில் கம்' தட்டின் தலைப்புப் பாடலை. 1961 மார்ச் 20 அன்று பதிவானது. குழுவை விட்டுப் போயிருந்த கோல்ட்ரேன் விருந்தாளியாக வந்திருந்தார். முதலில் மோப்லி வாசிக்கிறார். கடைசிப் பகுதியில் கோல்ட்ரேன் உள்ளே வருகிறார். கோல்ட்ரேனின் அந்த வாசிப்பு பிரமாதமானது, அதை மறுக்கிறவனுக்குக் காதில் கோளாறு. மோப்லி அவருக்கு முன்னால் நிதானமாக, மெட்டின் பக்கத்திலேயே நின்று வாசித்துவிட்டுப் போகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் எவரும் யார் பெரியவர் என்று முடிவு கட்டிவிடுவது இயல்பு. ஆனால் அந்தக் கோல்ட்ரேனுக்கு அடுத்து நிற்க வைத்தால் அன்றைய டெனர் வாசிப்பாளர்களில் எத்தனை பேர் சிறியவராகத் தெரியாமல் இருந்திருப்பார்கள்? ஒருவரை அளக்க அதுதான் சரியான இடம் என்று யார் சொன்னது?

சரியான இடம் ஆறு நாள் தள்ளி இருக்கிறது. மார்ச் 26 அன்று மோப்லி எங்கில்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவுக்குப் போனார். டேவிஸ் குழுவின் அதே பியானோ கலைஞர் வின்டன் கெல்லி, அதே பாஸ் கலைஞர் பால் சேம்பர்ஸ். டிரம்ஸில் டேவிஸின் முந்தைய டிரம்ஸ் கலைஞர் ஃபில்லி ஜோ ஜோன்ஸ்; கிட்டாரில் கிரான்ட் கிரீன். அன்று பதிவானது 'ஒர்க்அவுட்'. அந்தத் தட்டின் தலைப்புப் பாடலில் மோப்லி பாயும் வேகத்தையும், ஃபில்லி ஜோவின் ஒவ்வொரு அடிக்கும் அவர் தரும் பதிலையும் கேட்ட பிறகு, இது ஒரு வாரம் முன்பு ஒதுங்கி நின்ற அதே ஆள்தானா என்ற சந்தேகம் வரும். ஆள் அதேதான், விரலும் மூச்சும் அதேதான், உடன் வாசித்தவர்களில் இருவரும் அதேதான். மாறியது யாருடைய இசை அங்கே நடக்கிறது என்பது. 1961இல் டேவிஸ் ஒரு திசையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நடுவழியில் இருந்தார். கோல்ட்ரேன் விட்டுப்போன வெற்றிடத்தை நிரப்பும் ஒருவரை எதிர்பார்த்தார். மோப்லி அந்த ஆள் அல்ல. டேவிஸுக்குப் பொருந்தவில்லை என்பது டேவிஸின் தேவையைப் பற்றிய செய்தி. மோப்லியின் தகுதியைப் பற்றிய செய்தி 'ஒர்க்அவுட்'டில் இருக்கிறது.

டேவிஸ் காலத்துச் சாட்சியும்கூடச் சேதப்பட்டுத்தான் வந்தது. 1961 ஏப்ரல் 21, 22 ஆகிய இரண்டு இரவுகள் சான் பிரான்சிஸ்கோவின் பிளாக்ஹாக் விடுதியில் அந்தக் குழு வாசித்ததைக் கொலம்பியா நிறுவனம் பதிவு செய்து வெளியிட்டபோது, தட்டில் இடம் போதாமல் சில பாடல்களில் மோப்லியின் தனிவாசிப்பை வெட்டிவிட்டார்கள். இரண்டு இரவும் முழுமையாக வெளிவந்தது 2003இல். நாற்பத்திரண்டு ஆண்டுகள் மக்கள் கேட்டது அவருடைய வாசிப்பு வெட்டப்பட்ட பதிவை. முழுப் பதிவைக் கேட்டால், இரவு முற்ற முற்றக் கெல்லியும் மோப்லியும் எவ்வளவு சரளமாக ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள் என்பது தெரியும்.

இவ்வளவும் வெளிப்புறச் சாட்சிகள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாவிட்டால், வழக்கறிஞர் வாதமாகவே இது நின்றுவிடும். நீங்கள் ஏற்கெனவே பட்டியலில் வைத்திருக்கும் 'சோல் ஸ்டேஷன்' தட்டையே எடுத்துக்கொள்கிறேன். 1960 பிப்ரவரி 7 அன்று பதிவானது. கெல்லி, சேம்பர்ஸ், பிளேக்கி, மோப்லி என்று நான்கே பேர். ஆறு பாடல்களில் நான்கு மோப்லி எழுதியவை. முதல் பாடல் 'ரிமெம்பர்', 1925இல் இர்விங் பெர்லின் மூன்று எண்ணிக்கை வால்ட்ஸாக எழுதியது. மோப்லி அதை நான்கு எண்ணிக்கைக்குக் கொண்டு வருகிறார். மெட்டைச் சொல்லும்போது பாஸ் இரண்டு இரண்டாக நடக்கிறது. தனிவாசிப்பு தொடங்கியதும் அவர் சொற்றொடர்கள் எங்கே எடுக்கின்றன என்று மட்டும் கவனியுங்கள். நம் கச்சேரி ரசிகர்களுக்கு எடுப்பு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணிக்கையின் தலையில் எடுக்காமல், அரையடி தள்ளி, சில இடங்களில் முன்னதாகவே நுழைந்து, எட்டுக் கட்டம் முடியும் இடத்தில் மூச்சு விடாமல் அடுத்த எட்டுக்குள் கொண்டுபோய் முடிக்கிறார். கேட்பவர் முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் வரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்வளவையும் குரலை உயர்த்தாமல் செய்கிறார். வரிக்குள் ஒரு சுரத்தை மட்டும் லேசாக அழுத்திவிட்டு மற்றவற்றை விழுங்கிக்கொள்வதால், ஒரே சீராக ஓடுவது போலத் தெரியும் சுரங்களுக்கு அடியில் இன்னொரு தாளம் கேட்கிறது.

அந்தத் தட்டில் கவனிக்க வேண்டிய இன்னொருவர் பிளேக்கி. எதிரில் வாசிப்பவரைத் தூக்கி எறிவது போல அடிப்பவர் என்று பெயர் எடுத்தவர். இங்கே அவர் மோப்லி விடும் இடைவெளிக்காகக் காத்திருந்து, அந்த இடைவெளியில் மட்டும் பேசுகிறார். எதிரே பேசுபவர் உரக்கப் பேசாததால் இவரும் காது கொடுக்க வேண்டியிருக்கிறது. இளவயதில் குடும்பத்து மூத்தவர் ஒருவர் மோப்லிக்குச் சொன்ன யோசனை இதுதான்: பக்கத்தில் இருப்பவர் சத்தமாக வாசித்தால் நீ மெதுவாக வாசி, அவர் வேகமாகப் போனால் நீ நிதானமாகப் போ. லிட்வைலரிடம் மோப்லி நினைவுகூர்ந்தது இது. பயந்து ஒதுங்குவதற்கான யோசனையாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. குழுவுக்குள் தனக்கென ஓர் இடத்தை உண்டாக்கும் வழி இது. 'திஸ் ஐ டிக் ஆஃப் யூ'வில் முதலில் கெல்லியை வாசிக்க விட்டு, அவர் உச்சத்துக்குப் போய் இறங்கிய பிறகு மோப்லி நுழைந்து, தனக்கு முன் எழும்பிய அந்த உற்சாகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் வேறொரு பக்கம் திருப்பிக்கொண்டு போகிறார். உலகம் முழுவதும் சாக்ஸபோன் மாணவர்கள் இன்றும் ஒவ்வொரு சுரமாக எழுதி எடுத்துப் பயிலும் தனிவாசிப்புகளில் ஒன்று அது. மனோதர்மம் என்பதற்கு இப்படி ஒரு நிதானமும் உண்டு என்று காட்டும் பதிவுகள் ஜாஸில் அதிகம் இல்லை.

அப்படியானால் 'சோல் ஸ்டேஷன்' ஒன்றே போதுமே, அதைத்தானே வைத்திருக்கிறோம் என்று கேட்பீர்கள். அந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது என்பதே என் குறை. அவரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்வதும் இன்று ஒரு வழக்கமாகிவிட்டது. அப்படிச் சொல்லி இந்தத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது போல ஒரு நிறைவு. ஆனால் 1960 நவம்பர் முதல் 1961 மார்ச் வரையிலான ஐந்தே மாதங்களைப் பாருங்கள். நவம்பர் 6 அன்று ட்ரம்பெட் கலைஞர் ஃப்ரெட்டி ஹப்பர்டின் 'கோயின் அப்'. ஒரு வாரம் கழித்து தன் தலைமையில் 'ரோல் கால்'. ஜனவரி 15 அன்று இன்னொரு ட்ரம்பெட் கலைஞர் கென்னி டோர்ஹமின் 'விசில் ஸ்டாப்'. மார்ச்சில் டேவிஸ், அதன் முடிவில் 'ஒர்க்அவுட்'. ஐந்திலும் ஐந்து விதமாகப் பொருந்தி வாசிக்கிறார். 'விசில் ஸ்டாப்'பில் டோர்ஹமின் வளைந்து நெளிந்து போகும் மெட்டுகளை அவரோடு சேர்ந்து ஒரே மூச்சாகச் சொல்கிறார். ஹப்பர்டோடு இளைஞனின் வேகத்துக்கு ஈடு கொடுக்கிறார். அதே 1961இன் டிசம்பரில் 'அனதர் ஒர்க்அவுட்'டின் 'ஐ ஷுட் கேர்'. மெதுநடைப் பாடலில் அவர் கார்வை பிடிக்கும் அழகுக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அது கடைக்கு வர இருபத்து நான்கு ஆண்டுகள் ஆனது என்பதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

கடைசி மறுப்பு, உங்கள் பட்டியல்களின் அடிப்படையையே தொடுவது. மோப்லி எதையும் மாற்றவில்லை. ஹாக்கின்ஸ், யங், ராலின்ஸ், கோல்ட்ரேன் ஆகிய நால்வரும் கருவியின் போக்கையே மாற்றினார்கள். மோப்லி இல்லாதிருந்தாலும் ஜாஸ் இதே வழியில்தான் போயிருக்கும். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' வெளிவந்த அதே 1960இல், சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் நியூயார்க் ஜாஸ் உலகையே இரண்டாகப் பிரித்திருந்த நேரத்தில், மோப்லி பழைய வடிவங்களுக்குள் நின்றுதான் வாசித்தார். ஆனால் புதியதைக் கண்டுபிடித்தவர்களின் வரிசை ஒன்று. ஒரு காலத்தின் இசை எப்படி இருந்தது என்பது வேறு ஒன்று. ஹார்ட் பாப் என்று நாம் பெயரிட்டிருக்கும் இசை ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பு அல்ல. சில்வர், பிளேக்கி, டோர்ஹம், மார்கன், பேர்ட், கெல்லி, சேம்பர்ஸ் என்று இருபது முப்பது பேர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கூடிக் கூடி உருவாக்கிய ஒரு பொதுமொழி. அந்த மொழியை டெனர் சாக்ஸபோனில் இவரைவிடத் தெளிவாக, இவரைவிட அதிகமான பதிவுகளில் பேசியவர் யார் என்று நீங்கள் சொல்லுங்கள். முதல் மெசஞ்சர்ஸ் பதிவிலிருந்து மார்கனின் 1965ஆம் ஆண்டு 'கார்ன்பிரெட்' வரை அவர் குரல் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிறது. புதிதாகக் கேட்க வருகிறவருக்கு முதலில் வேண்டியது அந்தப் பொதுமொழியின் பழக்கம். அது காதில் ஏறாமல் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' கேட்டால், கோல்ட்ரேன் எதை உடைத்தார் என்பதே விளங்காது.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தனிவாசிப்பை அடியிலிருந்து நுனிவரை ஒரே கருவிலிருந்து கட்டி எழுப்பும் ராலின்ஸின் ஆற்றல் மோப்லியிடம் இல்லை. 1956இல் கோல்ட்ரேன், அல் கோன், ஸூட் சிம்ஸ் ஆகியோருடன் வாசித்த 'டெனர் கான்கிளேவ்' போன்ற கூட்டுப் பதிவுகளில் அவர் கரைந்துபோகிறார். அவருக்குத் தனியிடம் தேவை. 1957இன் சில பதிவுகள் அவசரத்தில் செய்தவை. அதே ஆண்டு அவர் பெயரையே தலைப்பாகக் கொண்டு வந்த தட்டின் முதல் பதிப்புக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள். அந்த விலை குறைவாக அச்சானதற்காகத்தான். அவருடைய சிறந்த பதிவு என்று நினைத்து யாரும் அதில் தொடங்க வேண்டாம். 1964க்குப் பிறகு அவர் தொனி இறுகியது, சொற்றொடர்கள் குறுகின, முன்பிருந்த வழுவழுப்பு போனது. சிலருக்கு அது சரிவாகப் படுகிறது. கோல்ட்ரேன் உண்டாக்கிய புதிய சூழலில் தன் வழியைத் தேடிய ஒருவரின் அடிவைப்பாக எனக்குப் படுகிறது. 1965இன் 'டிப்பின்' தட்டில் அந்த இறுக்கம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பாருங்கள். 'ரீச் அவுட்'டைக் காப்பாற்ற நான் முயலப்போவதில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு காரியம். பட்டியலில் ஒவ்வொரு தட்டுக்கும் வெளிவந்த ஆண்டை மட்டும் போடாமல், பதிவான ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டுக்கும் இடையில் பதின்மூன்று, இருபத்து நான்கு, இருபத்தேழு ஆண்டுகள் என்று இடைவெளி தெரிந்தால், படிப்பவரே கேள்வி கேட்கத் தொடங்குவார். இது மோப்லிக்கு மட்டுமல்லாமல் அந்த அலமாரியில் கிடந்த எல்லாருக்கும் பயன்படும். அடுத்தது, 'சோல் ஸ்டேஷன்' என்ற ஒற்றைப் பெயருக்குப் பதிலாக ஒரு வரிசையைக் கொடுங்கள்: முதலில் 'சோல் ஸ்டேஷன்', பிறகு 'ஒர்க்அவுட்', அதற்கடுத்து 'அனதர் ஒர்க்அவுட்', 'டிப்பின்', 'எ ஸ்லைஸ் ஆஃப் த டாப்', 'திங்கிங் ஆஃப் ஹோம்'. 1963 முதல் 1970 வரை அவர் ப்ளூ நோட்டுக்குச் செய்த பதிவுகள் அத்தனையையும் நாள்வரிசைப்படி அடுக்கி மொசைக் நிறுவனம் 2019இல் எட்டுக் குறுந்தட்டுகளாக வெளியிட்டது. சிதறடிக்கப்பட்ட 1963 மார்ச், அக்டோபர் பதிவுகளை அவை நடந்த வரிசையிலேயே அதில் கேட்கலாம். அதைக் கேட்ட பிறகும் மோப்லியை நீங்கள் இரண்டாம் வரிசையிலேயே வைத்தால், என்ன காரணத்தால் என்று எழுதுங்கள். அதற்குப் பதில் எழுத எனக்கு விருப்பம்.

அன்புடன்,
ஒரு ஜாஸ் ரசிகன்